மொட்டைமாடிப் புகை

சலவைக்கடைக்காரரின் மனைவிக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர். வாடிக்கையாளர்கள் வைத்தது, மரியாதையாகத்தான். அவள் மோந்து பார்க்காமல் ஒரு கைக்குட்டைகூட அந்தக் கடையை விட்டு வெளியே போகாது. அப்படிப்பட்ட மூக்கோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் சிகரெட் பிடித்துவிட்டுத் தப்ப முடியுமா? போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இனிமே தொட்டேன்னா என்னை ஏன்னு கேளு" என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் நிஜமாகவே தொடவில்லை.

அதனால்தான் அன்று காலை அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது. விடுதிப் படுக்கை விரிப்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்தவள் அவர் சட்டையை மோந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"என்னத்தை?"

"ஊதுறதை."

"அடிப்பாவி! வேணும்னா வாயை மோந்து பாரு."

மோந்தாள். பற்பசை வாசனைதான் வந்தது. அப்போதும் மனசு ஆறவில்லை. சட்டைப் பை, கிளிப் டப்பா என்று ஒன்று விடாமல் சோதனை போட்டாள். எதிர்மாடியிலிருந்து தையல்காரர் இருமிக்கொண்டே குரல் கொடுத்த பிறகுதான் வழக்கு முடிந்தது.

"அண்ணி, மலைக்கு அந்தப் பக்கம் காடு எரியுதாம். காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. துணியை எடுங்க!"

நிமிர்ந்து பார்த்தார்கள். மலை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு மூட்டம். சூரியன் முட்டைக்கரு மாதிரி கண் கூசாமல் நின்றது. இருவரும் விரிப்புகளை வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினார்கள். எல்லாவற்றையும் மறுபடி அலச வேண்டியதாயிற்று.

மூக்கு தோற்ற நாள் அது. கேட்காமலே இரண்டாவது டீ வந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணும் தெரியாத அப்பாவியைப் போயி..." என்று தையல்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அங்கேதான் புத்தி பிசகியது. ஊரே புகை நாற்றத்தில் மூழ்கிக் கிடக்கும்போது, ஒரே ஒரு சிகரெட் யார் மூக்குக்குத் தெரியப் போகிறது? தையல்காரரிடம் ஒன்று வாங்கினார். கொடிக்கயிற்றில் படிந்த சாம்பலைத் துடைக்கிற சாக்கில் மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பற்ற வைத்தார்.

கண்ணை மூடி ஆற அமர ரசித்தவர் காற்றைக் கவனிக்கவில்லை. முதுகில் அடித்த காற்று இப்போது முகத்தில் அடித்தது. மூட்டம் விலகி மலை பளிச்சென்று தெரிந்தது. ஊரில் புகை மிச்சமிருந்தது அந்தத் தொட்டிக்குப் பின்னால் மட்டும்தான்.

காற்று தெளிந்துவிட்டதே என்று ஈர விரிப்புகளோடு மேலே வந்தாள் அவள். நேராகத் தொட்டிக்குத்தான் போனாள்.

பாட்டு விழப் போகிறது என்று அவர் எழுந்து நின்றார். அவள் கத்தவில்லை. சிகரெட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். ஒரு விரிப்பின் முனையை அவர் கையில் திணித்து, மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

"இதை ஒத்தையாப் பிழிய முடியாதுங்க." குரல் கம்மியிருந்தது. "சந்தேகத்துல மோந்து பார்க்கலை. பயத்துல பார்க்கிறேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. எதிர்மாடியைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், இனி நான் வந்து கேட்டா நாலு அறை வேணா குடு, சிகரெட் மட்டும் குடுக்காதே!"

"ஓ, சப்ளை அங்கேருந்துதானா?" என்று அவள் திரும்பினாள்.

தையல்காரர் அதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்.