கம்பவுண்டர் சொல்லாதது

என் சித்தி எதற்கும் பயப்படுவாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். அழைப்புமணி அடித்தால் முதலில் டிவி சத்தத்தைக் குறைப்பாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் அவளும், படிப்புக்காக அவளோடு தங்கியிருந்த நானும்தான் வீட்டில். பின்கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் ஆடும். அதன் அடியில் காலி பெயின்ட் டப்பாக்களை அடுக்கிவிட்டுத்தான் படுக்கப் போவாள். தச்சரைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டால், "அப்புறம் அவருக்கும் தெரிஞ்சிடுமே, தாழ்ப்பாள் ஆடுதுன்னு" என்பாள்.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்கு நடத்தியது வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெட்டும் மெஷின், சுவரில் வண்ண வண்ணச் சுருள்கள். எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத ஸ்டிக்கரை இடுக்கியால் உரித்து எடுக்கும்போது மட்டும் அவள் கை நடுங்காது.

அந்த வருஷம் எல்லோரும் ஒரே குற்றத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் வில்லன் முன்பு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவன்; அதனால் பெயர் கம்பவுண்டர். கத்த மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். அடுத்த காட்சியில் யாராவது செத்துக் கிடப்பார்கள். சித்தி அதைப் பார்த்ததே இல்லை. தொடக்க இசை கேட்டதும் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

ஒரு நாள் தண்ணீர் கேன் வண்டிக்காரர் வந்து, பின் கண்ணாடிக்குக் கெத்தாக ஒரு கம்பவுண்டர் வசனம் வேண்டும் என்றார். எந்த வசனம் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பவும் சித்திக்குப் பயம். தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது என்ன நினைப்பாளோ அதையே தட்டினாள்: 'நீ தூங்கு. நான் முழித்திருக்கிறேன்.' கீழே கம்பவுண்டர் என்று போட்டாள். வண்டிக்காரர் படித்துப் பார்த்துத் தொடையைத் தட்டினார்.

"இதேதான் அக்கா. லிஃப்ட்ல வச்சு சொல்லுவான் பாருங்க, மியூசிக்கே கிடையாது."

அதன்பிறகு கடையில் கூட்டம் குறையவில்லை. ஆட்டோ, ஹெல்மெட், போன் உறை என்று எங்கே பார்த்தாலும் சித்தியின் பயங்கள் கம்பவுண்டர் பெயரில் ஊர்சுற்றின. வாங்கிப்போன ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சி நினைவிருந்தது. இரண்டு பேருக்கு ஒரே காட்சி நினைவிருந்ததில்லை. "ஒருவேளை நிஜமாவே சொல்லியிருப்பானோடி?" என்று என்னிடம் கேட்டாள்.

கடைக் கட்டடம் ஒரு பெரியவருடையது. அவர் படுக்கையில் விழுந்ததும் அவருடைய மாப்பிள்ளை அதிகாரம் செய்ய வந்தார். தெருவே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். பக்கத்திலிருந்த தன் செல்போன் கடையைப் பெரிதாக்க வேண்டும், சித்தி காலி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். சிரித்தபடியே பலமுறை கேட்டார். சித்தியும் சிரித்தபடியே, கப்பல்காரர் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

பிறகு ஒரு நாள் அவரே வாடிக்கையாளராக வந்தார். புதுக் காருக்கு வசனம் வேண்டுமாம். வேறு எவன் வண்டியிலும் இருக்கக் கூடாதாம். அவர் தன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததில் சித்திக்கு மூளையே ஓடவில்லை. மனதில் எப்போதும் இருக்கிற ஒன்றுதான் விரலுக்கு வந்தது: 'உன் பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது. எனக்கு அவசரமில்லை.' மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படித்தார். பிரமாதம் என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். காரில் அதை ஒட்டவே இல்லை.

சில நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து சித்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடியைத் துடைக்கும் கம்பவுண்டர். கீழே அந்த வசனம். சித்தி அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எழுதினதுதானே சித்தி?"

"நான்தான் எழுதினேன். ஆனா நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் ஆடுறது அந்த மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். தெரியாதவர் அதை ஏன் எனக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். அதன்பின் தினமும், கடையைத் திறக்கும் நேரத்தில், 'எனக்கு அவசரமில்லை' என்பது மட்டும் வரும். சித்தி ஷட்டரைப் பாதிதான் தூக்கினாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். நானும் டப்பாக்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கடைசியில் நான்தான் அவளைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனேன். ஏட்டு போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கம்பவுண்டர் டயலாக்மா. இதுக்கெல்லாம் கேஸ் போட்டா பாதி ஊரை உள்ள வைக்கணும்."

சித்தி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்தால் இத்தனை நாள் விற்றதெல்லாம் போலி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மாப்பிள்ளை பெயரையும் சொல்லியாக வேண்டும். திறக்காவிட்டால் அது வெறும் சீரியல் வசனம், நாளைக் காலையும் வரும். வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

"கம்பவுண்டர் இதைச் சொல்லவே இல்லைங்க."

"நான் பார்த்தேன்மா. கொட்டுற மழை. குடையை மடக்கிட்டே சொல்லுவான்."

"மழையா?" என்றார் பக்கத்து மேஜைக் காவலர். "கோர்ட் வாசல்ல, நல்ல வெயில்ல சொல்லுவான் சார்."

இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பெண் எஸ்.ஐ. வந்துவிட்டார். சித்தியை உட்காரச் சொன்னார். சித்தி தரையைப் பார்த்தபடி, அதைத் தானே எழுதியதாகவும், ஒரே ஒரு ஆளுக்குத்தான் வெட்டிக் கொடுத்ததாகவும், அது தங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் என்றும் சொன்னாள். யாருக்கு என்று கேட்டார் எஸ்.ஐ. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"மாப்பிள்ளைக்கு."

"உங்க மாப்பிள்ளையா?"

"ஐயோ, எனக்கு ஏதுங்க மாப்பிள்ளை. கட்டடக்காரர் மாப்பிள்ளை."

ஆள் அனுப்பியதும் அவர் சிரித்தபடியே வந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது, அது சீரியல் வசனம், ஆஸ்பத்திரிக் காட்சியில் வரும் என்றார். எஸ்.ஐ. சித்தியின் போனிலிருந்த எண்ணைத் தன் மேஜைப் போனில் அழைத்தார். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

புகார் பதிவானது. போனில் வந்த செய்திகள் நின்றன. கடை சித்தியிடமே இருக்கிறது. ஆனால் வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தாழ்ப்பாள் ஆடுதுன்னு ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிட்டேனேடி?"

அந்த வாரமே தச்சரைக் கூப்பிட்டாள். அவர் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கம்பவுண்டர் சொன்ன மாதிரியே இருக்கேம்மா."

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ சொன்னான்?"

"மழை சீன்லம்மா. குடையை மடக்கிட்டே சொல்லுவான். போன்ல வந்துச்சு, பார்க்கலையா?"

புதுத் தாழ்ப்பாள் கனமானது. தச்சர் போனதும் சித்தி அதைப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினாள்.