படத்தை மறைக்கும் கை

டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். டயர் கடைக்கு மேல்மாடியில், இங்கிலீஷைச் சத்தம் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பு நடத்துகிறாள். காலையில் வேலைக்குப் போகிற பெரியவர்கள், சாயங்காலம் பிள்ளைகள். யாராக இருந்தாலும் சரி, புத்தகத்தில் படம் இருந்தால் முதலில் அவள் உள்ளங்கை வந்து அதை மூடிவிடும். "படத்தைப் பார்த்து நாய்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? எழுத்தைப் பாரு!"

முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அவளும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று கத்த வைத்தவள்தான். பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தால் மட்டும் திருதிருவென்று முழித்தார்கள். கிளிப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்த அன்று வந்த ஆத்திரத்தில் வேலையை விட்டவள், எழுத்தின் பெயரையும் விட்டுவிட்டாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டாள். 'எம், ஏ, டி' என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் அது 'மேட்' ஆகாது. 'ம்… ஏ… ட்…' என்று இழுத்துப் பார்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க இதே முணுமுணுப்பு என்பதால் கீழே டயர் கடைக்காரர் அந்த அறைக்கு 'சத்தக்கடை' என்று பெயர் வைத்துவிட்டார்.

அங்கே இன்னொரு கூத்தும் உண்டு. மிப், டோக், நஸ் என்று அர்த்தமே இல்லாத வார்த்தைகளைப் பலகையில் எழுதிப் போட்டுப் படிக்கச் சொல்வாள். 'பொய் வார்த்தை' என்று அவற்றுக்குப் பெயர். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பெரியவர்களுக்குத்தான் எரிச்சல். எல்லாரையும்விட அதிகமாக எரிந்து விழுந்தது அவளுடைய சொந்த நாத்தனார்.

நாத்தனார் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். கூட்டுவது, துடைப்பது, பெரியவர்களைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. கணவன் இறந்தபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், யார் கையையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நின்றது அந்த வேலையால்தான். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. மாத்திரையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் மருந்து லேபிளைப் படிக்கத் தெரியாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது, ஹெட் சிஸ்டர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் படிக்க வைத்துப் பார்ப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணி, எப்படியாவது என்னைத் தேத்தி விட்டுடுங்க" என்று வந்து நின்றாள்.

தேற்றுவது லேசா? அவள் ஆயுசு முழுக்க ஊகத்திலேயே ஓட்டியவள். பஸ்ஸை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள், கடையை வாசற்படியை வைத்து. ஒரு வார்த்தையின் முதல் எழுத்தைப் பார்த்தால் போதும், மிச்சத்தை வாய்க்கு வந்தபடி முடித்துவிடுவாள். முடியாவிட்டால் கண் நேராக அண்ணியின் உதட்டுக்குத் தாவும்.

"என் மூஞ்சில என்னடி எழுதியிருக்கு? பலகையைப் பாரு!"

"சும்மா கத்தாதீங்க. உங்க மிப்பும் டோக்கும் எந்தப் பாட்டிலில் ஒட்டியிருக்கு?"

டீச்சரின் வீட்டுக்காரர் இந்த இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்ததே இல்லை. சத்தம் ஏறினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், பாவம்.

ஒருநாள் நாத்தனார் இல்லத்திலிருந்து காலி மருந்து அட்டைப்பெட்டிகளைப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அதையே வைத்து இரவும் பகலும் உரு. அந்த வாரக் கடைசியில் டீச்சர் எந்தப் பெட்டியை எடுத்துக் காட்டினாலும் கடகடவென்று சொன்னாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சமர்த்து! நீ தேறிட்ட. பயமில்லாம போ" என்று வாயாரச் சொல்லியும் விட்டாள்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டிகளைப் பைக்குள் போடும்போது, பழக்கதோஷம், டீச்சரின் உள்ளங்கை ஒரு பெட்டியின் நீலப் பட்டையை மறைத்தது. "இது என்ன, சொல்லு?"

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். கண் உதட்டுக்குத் தாவியது.

டீச்சர் அடுத்த பெட்டியின் சிவப்பை மறைத்தாள். அதுவும் தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் படித்தது நிறத்தை!

"அடிப்பாவி! நாளைக்கு எவரோ ஒரு பெரியவர் நீ கொடுத்ததை நம்பி முழுங்குவாரே!"

"வேலை போனா நான் எங்க போவேன்னு யோசிச்சீங்களா நீங்க?" நாத்தனார் கண்ணில் தண்ணீர் முட்டியது.

டீச்சர் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று சத்தக்கடைக்கு இழுத்துப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். பலகை முழுக்கப் பொய் வார்த்தைகள். "இதுல நிறம் இல்ல, படம் இல்ல, அர்த்தமும் இல்ல. ஊகிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. படி." நாத்தனார் தடுமாறினாள். ஒரு வாண்டு களுக்கென்று சிரித்தது. அவமானத்தில் அவள் முகம் சிவந்துபோனது. ஆனாலும் எழுந்து போகவில்லை. ம்… இ… ப்… என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை படித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் டீச்சரும் கூடவே போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வராந்தாவில் நின்றாள். உள்ளே ஹெட் சிஸ்டர் மேஜையில் வரிசையாக வெள்ளை டப்பாக்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, கொட்டை கொட்டையாகக் கறுப்பு எழுத்து. பட்டையும் இல்லை, கோடும் இல்லை. தேறிட்டன்னு என் வாயால சொல்லித் தொலைச்சேனே என்று டீச்சர் நொந்துகொண்டாள்.

முதல் இரண்டு டப்பா தட்டுத்தடுமாறி ஒப்பேறியது. மூன்றாவதை எடுத்ததும் நாத்தனாரின் நாக்கு முந்திக்கொண்டது. "ரெமோடிப். பிரஷர் மாத்திரை."

அது ரெமோலிக், தூக்க மாத்திரை. கதவுக்கு வெளியே நின்றே டீச்சருக்கு அது தெரிந்தது. ஹெட் சிஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, பேனாவை மட்டும் எடுத்தார்.

ஏதோ தப்பு என்று நாத்தனாருக்கு உறைத்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்தது. கண்ணாடி வழியாகக் கண் நேராக அண்ணியின் உதட்டுக்கு வந்தது. ஒரு 'ல்' போதும். டீச்சர் நாக்கை மேலே தொட்டுக் காட்டினால் போதும், அந்தக் கில்லாடி பிடித்துக்கொள்வாள். வேலை நிலைக்கும். வீட்டில் நிம்மதி. நாக்கு மேலே எழும்பியேவிட்டது.

டீச்சர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கெடுத்துட்டேனே, கூடப் பொறந்த பொறப்பா நினைச்சு வந்தவளை நடுத்தெருவுல விட்டுட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். திரும்பவில்லை.

"இருங்க சிஸ்டர்." நாத்தனாரின் குரல்தான். "அது குத்துமதிப்பா சொன்னது. திரும்பப் படிக்கிறேன்."

டீச்சர் மெல்லத் தலையை மட்டும் திருப்பினாள். உள்ளே நாத்தனார் தன் உள்ளங்கையால் லேபிளை முழுக்க மூடியிருந்தாள். கை ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. "ர்… எ… ம்… ஓ… ரெமோ… ல்…" அங்கே நின்றாள், மூச்சு வாங்கினாள். "இ… க். ரெமோலிக். ரெமோலிக், சிஸ்டர். பிரஷர் மாத்திரை இல்ல."

ஹெட் சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்ப மெதுவா படிக்கிறீங்க. ஆனா தப்புன்னு தோணினதும் நிறுத்தினீங்க. நாளையிலிருந்து என் பக்கத்துல நின்னு மாத்திரை கொடுங்க. அவசரப்படாதீங்க."

வெளியே வந்தவள் அண்ணியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் வெடித்தாள். "எல்லாம் சரி, ஏன் அப்படி முதுகைக் காட்டினீங்க? உசுரே போயிடுச்சு!"

"என் வாயை எத்தனை நாளைக்குடி படிப்ப?" என்றாள் டீச்சர்.

அன்று சாயங்காலம் டீச்சருக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். வீட்டில் எல்லாரும் பார்த்த மாத்திரைதான், பச்சை அட்டை, எவருக்கும் தெரியும். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தலை தெறிக்கிறது. ஆனாலும் கோபக்கார டீச்சர் வாயைத் திறக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி, அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.