இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ

ஹியெனுக்கு உட்காரத் தெரியாது. இத்தனைக்கும் அவர் தொழிலே மற்றவர்களை உட்கார வைப்பதுதான். துய் ஹோவா என்கிற கடலோர ஊரில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் சீட் தைக்கிற கடை அவருடையது. கை ரெக்சினை இழுத்துப் பிடித்து அடித்துக்கொண்டிருக்கும், கழுத்து மட்டும் வாசலுக்கு வெளியே நீண்டிருக்கும். மேற்கே மலைமேல் மேகம் கிழிந்து கொஞ்சம் மஞ்சள் தெரிந்தால் போதும், சுத்தியலைப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திவிடுவார். வண்டி சீட் இல்லாமல் நிற்கும். அதன் பக்கத்தில் வண்டிக்காரன் நிற்பான்.

"ஹியென் அண்ணே, வானம் எங்க ஓடிடப் போகுது? நான் இரும்புல உக்காந்துதான் வீட்டுக்குப் போகணுமா?"

"வானம் ஓடும்டா. உன் பின்பக்கம் நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்!"

இந்தப் பைத்தியம் அவருக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியபிறகு பிடித்தது. மகள் குயென் வேலை கிடைத்து சைகோனுக்குப் போனபோது தன் பழைய கேமராவை வீட்டில் விட்டுப் போனாள். சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் ஹியெனுக்குக் கை அரிக்கும். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உச்சி வெயிலில் போய்க் குன்றுமேல் இருக்கிற பழைய கோபுரத்தைப் படம் எடுத்தார், கடலைப் படம் எடுத்தார். எல்லாம் வெளுத்துப்போய் வந்தது. கடல் மட்டும் போதாதென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தும் வந்தது. மகளுக்கு அனுப்பினார். "அப்பா, முதல்ல கடலை நிமித்துங்க, தண்ணி வழியுது" என்று பதில் வந்தது.

நிமிர்த்தக் கற்றுக்கொண்டார். விடிவதற்கு முந்தைய நீலமும், சூரியன் இறங்கி எல்லாரும் மூட்டை கட்டியபிறகு மெதுவாக வருகிற சிவப்பும் பிடிபட்டன. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை அரை நிமிஷம் திறந்தபடி விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அலை புகையாக மாறுவதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு. ஓ லுவான் காயலில் ஒருநாள் பனி விலகும்போது வலைக்கம்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேலே முளைத்தன. ஐம்பது வயது மனுஷன் கரையில் நின்று "ஐயோ, ஐயோ" என்று கத்தியிருக்கிறார். யாரோ முழுகிவிட்டார்கள் என்று நினைத்துப் படகுக்காரர் ஒருவர் துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம்.

ஆனால் அந்த சந்தோஷம் அவரிடம் ஒரு மணி நேரம் தங்காது. எடுத்த படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் இதைவிட நல்ல வெளிச்சம் இருக்குமோ என்ற நமைச்சல் வந்துவிடும். இங்கே நின்றால் அங்கே, அங்கே போனால் இங்கே. கூடப் போனவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கூடப் போனவர்கள் என்றால் புகைப்படக் கழகத்தார். ஞாயிறுதோறும் கடற்கரை காபிக் கடையில் கூடுவார்கள். தலைவர் வோங் மருந்துக் கடை வைத்திருக்கிறார், ஹியென் வயதுதான். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித்தான் படங்களைப் பார்ப்பார். ஹியென் முதன்முதலில் கொண்டுபோன காயல் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஆள் எங்கய்யா?"

"எந்த ஆள்?"

"படத்துல ஒரு ஆள் வேணாமா? வெறும் தண்ணியை அனுப்பினா நடுவர் கொட்டாவி விடுவான். தொப்பி போட்டு ஒருத்தி நடந்து போகணும். சின்னதா, தூரமா. அப்பதான் காயல் எவ்வளவு பெரிசுன்னு தெரியும்."

எங்கள் நாட்டில் போட்டிக்குப் போகிற இயற்கைக் காட்சி எதிலும் அந்தத் தொப்பிக்காரி இருப்பாள். நெல் வயலில், உப்பளத்தில், மணல்மேட்டில், எங்கும் அவள் போய்க்கொண்டே இருப்பாள். கழகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு பெண்ணைக் கூட்டிப்போவது வழக்கம். ஆனால் ஹியென் நாலைந்து பேரோடு ஒரே இடத்தில் நிற்கிற ஆளா? அவருக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும், நினைத்த நேரத்தில் பின்சீட்டில் ஏறி உட்கார வேண்டும். அப்படி ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள்.

அவர் மனைவி லாய், கடைக்கு வேண்டிய சீட் உறையெல்லாம் வீட்டில் மிஷினில் தைத்துத் தருகிறவள். உருண்டை முகம், வாய் கொஞ்சம் நீளம். தலையில் கூம்புத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துண்டு, தோளில் காவடிக் கம்பு, இரண்டு பக்கமும் காலிக் கூடை. மனைவியை இப்படி வேஷம் கட்டி வயலில் இறக்கிவிட்டு ஹியென் மேட்டில் ஏறிக்கொள்வார். அங்கிருந்து ஃபோனில் கட்டளை.

"நட. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. இன்னும். இன்னும்."

"இதுக்கு மேல போனா அடுத்த மாவட்டம் வந்துடும்."

"திரும்பாத! முதுகைக் காட்டு! மூஞ்சி தெரிஞ்சா கெட்டுது."

"அப்படியா கெட்டுக் கிடக்கு என் மூஞ்சி?"

திட்டிக்கொண்டேதான் போவாள். ஆனாலும் போனாள், வருஷக் கணக்காக. திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடையில் அவளுக்குப் பிடித்த சூரைமீன் கண் குழம்பு வாங்கிக் கொடுப்பார். அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் வண்டியை உதைத்துக் கிளப்பியிருப்பார். ஒருமுறை மாகாணக் கண்காட்சியில் அவள் நடந்த உப்பளப் படம் ஆறுதல் பரிசு வாங்கியது. புதுத்துணி கட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இதுல நான் எங்க?"

ஹியென் விரலால் காட்டினார்.

"இதுவா? நான் கொசு உக்காந்திருக்குன்னு தட்டப் பாத்தேன்."

வோங் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

போன சம்பா அறுப்புக்கு முன்னால், பழுத்த வயலின் நடுவில், லாய் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மேட்டிலிருந்த ஹியெனுக்கு ஆத்திரம். சூரியன் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற நேரம்.

"ஏன் உக்காந்துட்ட? எழுந்திரு, எழுந்திரு, வெளிச்சம் போகுது!"

"மூச்சு வாங்குதுங்க."

"அஞ்சு நிமிஷம் தாங்கு. அப்புறம் எவ்வளவு வேணா வாங்கிக்க."

அவள் கம்பை ஊன்றி எழுந்து நடந்தாள். படம் பிரமாதமாக வந்தது. ஹியென் இதுவரை எடுத்ததிலேயே இதுதான் முதல் என்று வோங் சொன்னார். அந்த வாரமே டாக்டர் வேறொரு படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, சைகோனுக்குப் போய் நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்றார். அதற்குப்பிறகு ஹியென் அந்த வயல் படத்தைத் திறக்கவில்லை. அது இருக்கிற கோப்பின் பெயரைக் கண்டாலே கணினியை மூடிவிடுவார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. லாய் மிஷினில் இருந்தபடியே, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு படம் எடுத்துடுங்க. மாடத்துல வைக்கிற மாதிரி."

எங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. வயதாகும்போது, உடம்பு நன்றாக இருக்கையிலேயே, செத்தபிறகு சாமி மாடத்தில் வைத்துக் கும்பிடுவதற்கான படத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். லாயின் அக்கா எடுத்து வைத்துப் பல வருஷமாகிறது, இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். ஹியெனுக்கும் இதெல்லாம் தெரியும். இருந்தாலும் யாரோ குளிர்ந்த தண்ணீரை முதுகில் ஊற்றியதுபோல எழுந்து நின்றுவிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"வீட்டுல படக்காரர் இருக்கும்போது நான் யாருகிட்ட போய்க் கேக்கறது? இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்தாக்கூடப் போதும்."

இருக்கிறதிலேயே நல்லதைத் தேட உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் நிஜமாக உட்கார்ந்தது. கணினியில் வருஷம் வருஷமாகத் திறந்தார். வயலில் லாய், மணலில் லாய், மூங்கில் பாலத்தில் லாய், மழையில் லாய். எல்லாவற்றிலும் ஒரு தொப்பி, ஒரு முதுகு. பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி. முகம் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் அவளுக்கு இருபத்தொரு வயது. அடையாள அட்டையில் கோழி திருடிப் பிடிபட்டவள்போல முழிக்கிறாள். ஊரிலிருக்கிற அத்தனை மலைக்கும் முகம் எடுத்த மனுஷன், கட்டினவளை மட்டும் புள்ளியாகவே வைத்திருந்திருக்கிறார். கல்லாலடிக்கலாம் போல் இருந்தது, தன்னையேதான்.

மறுநாள் விடிகாலையில் அவளை வண்டியில் ஏற்றிக் காயலுக்குக் கூட்டிப்போனார். மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினார். கரையில் நிற்க வைத்துக் கேமராவைத் தூக்கினார். தூக்கியதுமே லாய் திரும்பி முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், எங்க போற?"

"ஐயையோ, பழக்க தோஷம்" என்று நின்று சிரித்தாள். சிரித்ததில் இரைத்தது.

திரும்பி நின்றாள். ஹியென் பார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்றார். பக்கவாட்டில் வந்தால் நன்றாக இருக்கும் என்று கோபுரத்தடிக்குப் போனார்கள். அங்கே வெயில் ஏறிவிட்டது, கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது. சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் மேகம் மூடி எல்லாம் சப்பென்று இருந்தது. மறுநாள் ஆற்றங்கரை. அதற்கு மறுநாள் தென்னந்தோப்பு. எங்கே போனாலும் கேமரா கண்வரைக்கும் போகும், விரல் அமுங்காது. "இங்க வேணாம், வா" என்று வண்டியைக் கிளப்புவார். தோப்பு வாசலில் எதிரே வந்த வோங் நின்று பார்த்தார்.

"என்னய்யா, மூணு நாளா பொண்டாட்டியை ஊர்வலம் விட்டுக்கிட்டிருக்க?"

"மூஞ்சிப் படம் ஒண்ணு எடுக்கணும். வெளிச்சம் அமையமாட்டேங்குது."

"மூஞ்சிக்கு ஜன்னலோரம் போதாதா? மேகமா வந்து பவுடர் போடப்போவுது? அந்தம்மாவுக்கு உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

ஹியென் வண்டியை உதைத்துக் கிளப்பினார். வெளிச்சத்தின்மேல் குறை இல்லை என்று அவருக்கே தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிட்டால் மாடத்தில் வைக்க ஒன்று தயாராக இருக்கும். தயாராக இருந்தால் அது நடந்துவிடும் என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. எடுக்காமலிருக்கும் வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளை நினைக்கிற மாதிரிதான். ஆனால் அதுதான் அவரை ஓட வைத்தது.

சைகோன் ரயிலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, தையல் மிஷின்மேல் செய்தித்தாள் சுற்றிய சட்டம் ஒன்று இருந்தது. பிரித்தார். லாய். சந்தை முனை ஸ்டூடியோவில் எடுத்தது. கழுத்துக்குக் கீழே கணினியில் ஒட்டிய நீலப் பட்டு அங்கி, எவளுடைய தோளோ. முகத்தில் சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஸ்டூடியோக்காரன் தேய்த்திருந்தான்.

"யார் எடுத்தது இதை? விளக்கை இந்தப் பக்கமா வைப்பான்? உன் புருவத்துல இருக்கிற தழும்பையே அழிச்சுட்டான் மடையன்! பாவாடைக் கடை பொம்மை மாதிரி இருக்கு!"

லாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். குரலை உயர்த்த அவளுக்குத் தெம்பில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"கத்தாதீங்க. அந்தப் பையன் என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சு, 'இங்க பாருங்கக்கா'ன்னு சொன்னான். கேமரா வெச்சிருக்கிற ஆம்பளை ஒருத்தன் என்கிட்ட அப்படிச் சொன்னது இதான் முதல் தடவை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. 'என்னக்கா, விளக்கு கூசுதா'ன்னு கேட்டான், ஆமான்னுட்டேன்."

ஹியென் சட்டத்தைக் கீழே வைத்தார். உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். கேமராவோடு வந்து கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூரையில் டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. இதைவிட மட்டமான வெளிச்சம் அந்த ஊரிலேயே கிடையாது.

"இங்க பாரு" என்றார்.

லாய் பார்த்தாள். இந்தத் தடவை திரும்பவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரு புருவத்தில் தழும்பு. காதோரம் அவர் கவனித்தேயிராத நரை ஒரு பிடி. எல்லாம் இத்தனை பக்கத்தில். ஹியெனின் விரல் மேலே நின்றது, இறங்கவில்லை.

"என்ன, இன்னும் வெளிச்சம் சரியில்லையா?"

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு, லாய்."

"எனக்குந்தான்" என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. "அமுக்குங்க."