கீழ்வீட்டு விக்டோரியாவும் மாடிவீட்டு மரமும்

விக்டோரியாவுக்கு வெளியே எதிரி யாரும் கிடையாது. வீட்டு மாடியிலேயே ஒருத்தி இருந்தாள்: கொழுந்தன் மனைவி ஸ்வீட்டி. கல்யாணமாகி மண்டி மொஹல்லா வீட்டுக்கு அவள் வந்த அன்றே, அவளுடைய கூந்தலைப் பார்த்து விக்டோரியாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. பிறகு அவள் வைக்கும் மீன் குழம்புக்கு எரிந்தது. பாகம் பிரித்தபோது, "மூத்தவ நான்" என்று அடம்பிடித்துக் கீழ்வீட்டை வாங்கிக்கொண்டவள் விக்டோரியாதான். எதிரே மூன்று மாடிக் கிடங்கு எழும்பிக் கீழே வெயிலை மறைத்ததும், மாடி வெயில் முழுக்க ஸ்வீட்டிக்குப் போயிற்றே என்று அதற்கும் எரிந்தது. நர்ஸாக இருந்து ஊரார் காய்ச்சலை எல்லாம் இறக்கியவள், இந்த ஒரு சூட்டுக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

நாத்தனார் மகன் ரோனி பெங்களூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வம்பைத் தொட்டியில் நட்டுக் கொடுத்தான். அத்தைமார் இருவருக்கும் ஒரே உயரத்தில் ஆளுக்கொரு ஃபைகஸ் போன்சாய். வீட்டுக்குள் வளர்க்கிற, ஆலமரத்து இனத்துக் குட்டி மரம். வேறு வேறாகக் கொடுத்தால் சண்டை வரும் என்பது அவன் கணக்கு. ஓரகத்திகளுக்கு ஒரே பொருளைக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்பது, பாவம், அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. "அடுத்த வருஷம் வந்து எது சக்கத்தா இருக்குன்னு பாக்கறேன் அத்தே" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அன்று முதல் விக்டோரியா ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். ரோனி வரும்போது தன் மரம் அழகாக இருக்க வேண்டும். முடியாவிட்டால், மாடி மரம் அசிங்கமாக இருக்க வேண்டும்.

மாத்திரை கொடுப்பதுபோல் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். இலை மஞ்சளாயிற்று. கிளையை வளைக்க, கட்டுப் போடும் பழக்கத்தில் கம்பியை இறுக்கிச் சுற்றினாள். மாடி மரத்தின் கிளை இன்னும் அழகாக வளைந்திருந்ததால், கம்பியை அவிழ்க்க மனம் வரவில்லை. அது பட்டையைக் கடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. ஸ்வீட்டியோ மண் காய்ந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்து ஊற்றினாள், கம்பியைத் தளரச் சுற்றிக் கிளை படிந்ததும் எடுத்தாள், நீண்ட தளிரைக் கிள்ளிவிட்டாள். மரம் பிள்ளைபோல் சொன்னபடி கேட்டது. கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் விக்டோரியா தினமும் மாடியேறி அதைப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலையை மறந்து இறங்கி வருவாள்.

செப்டம்பரில் ஸ்வீட்டி வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பினாள். மாடிச் சாவியை நீட்டி, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

"என் முழங்காலுக்கு யாரு படியேறறது? கீழ கொண்டாந்து வெச்சிட்டுப் போ" என்றாள் விக்டோரியா.

முழங்கால் இல்லை காரணம். அந்த வாரம் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் ஜெபக் கூட்டம் அவள் வீட்டில். வந்த பெண்கள் எல்லாரும் டிவி பக்கத்தில் இருந்த மாடி மரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். யாருடைய மரம் என்று அவர்கள் கேட்கவில்லை, விக்டோரியாவும் சொல்லவில்லை. ஜெபமாலை சொல்லும்போதும் அவள் கண் அதன் மேல்தான்.

இடம் மாற்றினால் ஃபைகஸ் கோபித்துக்கொள்ளும். இருட்டுக்கு வந்த மரம் பொலபொலவென்று கொட்டத் தொடங்கி, ஸ்வீட்டி திரும்புவதற்குள் மொட்டையாகிவிட்டது. விக்டோரியா கேட்ட வரம்தான். ஆனால் இந்தத் தடவை அவள் ஒரு பாவமும் செய்யவில்லையே! இதைச் சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

ஸ்வீட்டி மாதா கோயில் எண்ணெய்ப் புட்டியை நீட்டிவிட்டு, மரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "சும்னே எதுக்கு அக்கா பயப்படறீங்க? வெயில் பட்டா துளிர்த்துடும்."

துளிர்த்தது. அதுவும் முன்னைவிடச் சின்னச் சின்ன இலையாக, இரட்டிப்பு நெருக்கமாக, உண்மையான ஆலமரத்தைச் சுருக்கி வைத்ததுபோல். "எல்லாம் அக்கா கைராசி" என்று ஸ்வீட்டி தெருவெல்லாம் சொன்னாள். விக்டோரியாவுக்குத் தாங்கவில்லை. கெடுதலும் அவளுக்கு நல்லதாகவே முடிகிறதே! மொட்டையானால்தான் அழகு வரும் என்றால் தன் மரமும் ஆகட்டும் என்று, மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிய மரம். துளிர்க்கவே இல்லை. டிசம்பர் பிறப்பதற்குள் குச்சியாகி, தொட்டியோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

கிறிஸ்துமஸ் விருந்து மாடியில். ரோனி ஜன்னலோர மரத்தைப் பார்த்து அசந்து நின்றான். பிறகு திரும்பினான். "விக்கி அத்தே, உங்க மரம் எங்க?"

பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த ஸ்வீட்டி நிமிரக்கூட இல்லை.

"அதுதான்டா அக்கா மரம். கீழ வெயில் இல்லன்னு இங்க வெச்சிருக்காங்க. என்னோடது அப்பவே செத்துப்போச்சு."

"நினைச்சேன். விக்கி அத்தே கைன்னா கைதான்!" ரோனி அவளை மரத்தோடு நிறுத்தி வைத்துப் படம் எடுத்தான்.

ஒரு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பிரியாணிதான் இறங்கவில்லை. இப்படி ஒரு பொய்யை இவ்வளவு லேசாகச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து மனசு வந்தது, எனக்கு ஏன் அது வராது என்று எரிந்தது பாருங்கள், அதுவரை பட்ட பொறாமையெல்லாம் அதற்கு முன்னால் கொசுக்கடி.

ரோனி ஊருக்குப் போன பிறகும் ஸ்வீட்டி பேச்சை மாற்றவில்லை. தினமும் காலையில் படி உச்சியிலிருந்து, "அக்கா, உங்க மரத்துக்குத் தண்ணி ஊத்த வரலியா?" என்று கூப்பிடுகிறாள். என்றைக்காவது ஒருநாள் வாய் தவறியாவது 'என் மரம்' என்று சொல்லிவிட மாட்டாளா என்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு விக்டோரியா படியேறிக்கொண்டே இருக்கிறாள்.