மூன்றரை மணிக்கு ஒரு மஞ்சள் குடை

டிஷ் பூட்டிய நாளில் நான் வீட்டில் இருக்கவில்லை. கண்டக்குழியில் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மகளின் கூரைமேல் பெரிய தாம்பாளம் போல அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மகளின் கூரை என்று சொல்கிறேன், அது நான் இருந்த வீடு. எங்கள் ஆட்களில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் அவளுக்கே எழுதிக் கொடுப்பது வழமை. நானும் கொடுத்தேன். மனம் நிறைந்துதான் கொடுத்தேன், அதைப் பற்றி இன்றைக்கும் ஒரு குறை சொல்லமாட்டேன். முற்றத்தின் பின்பக்கம், குசினிக்கு அப்பால் ஓர் அறை கட்டி அதில் இருக்கிறேன்.

அந்த அறைக்கும் ஒரு வயர் இழுத்திருந்தார்கள். என்னுடைய பழைய டீவியில் மக்கா தெரிந்தது. கஃபாவைச் சுற்றி ஜனம் ஓயாமல் தவாபு செய்துகொண்டிருந்தது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். ஹஜ்ஜுக்குப் போக எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இனி இந்தக் கால் அவ்வளவு தூரம் தாங்காது. அதை அறிந்துதான் மகள் இதைச் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். ரிமோட் எங்கே என்று கேட்டேன்.

"உங்களுக்கு ரிமோட் எதுக்கு உம்மா? மக்காவுலேயே வெச்சிட்டம். நீங்க சுவிச்சப் போட்டாப் போதும்" என்றாள்.

காலையில் சுவிட்சைப் போட்டால் மக்கா இருக்கும். பின்னேரங்களில் சில நேரம் இருக்காது. சுற்றிக்கொண்டிருந்த ஜனம் மறைந்துபோய், நகை அள்ளிப் போட்ட பெண்கள் மாமியாரோடு சண்டை பிடிப்பார்கள். மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"செட்டலைட் நகருது உம்மா. பிறை மாதிரித்தான், ஒரே எடத்துல நிக்காது. அது அங்கால போனா வேற சனல் வந்து உழும். பொறகு தன்பாட்டுல திரும்பி வரும்."

பிறை என்று சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. பிறை நாளுக்கு நாள் இடம் மாறுகிறது, கடல் ஏறி வற்றுகிறது, இதுவும் அப்படி ஒன்று. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. குர்ஆன் ஓதுவேன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒரு விசயத்தைக் கவனித்து அதன் போக்கைப் பிடிப்பதில் என்னை வெல்ல ஆள் இல்லை. கிழமை நாட்களில் நடுப்பகல் லுஹர் தொழுத பிறகு அது நகரும், சனி ஞாயிறில் அவ்வளவாக நகராது என்று கண்டுபிடித்தேன். வெங்காயம் துப்புரவாக்க வரும் பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். தங்கைக்கும் சொல்லிக் கொடுத்தேன். வெங்காயக்காரிகளில் ஒருத்தி, "அப்ப அடுத்த நோன்புக்குப் பிறை பாக்கிற கொமிட்டியில உங்களுக்குத்தான் கதிர போடோணும்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு தங்கை மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டாள். அவளிடம் இருப்பது படம் தெரியாத சின்னப் போன். மற்றவர்கள் அங்கே படம் எடுத்து வந்து காட்டலாம்தான். ஆனால் அவள் அங்கே நிற்கிற அந்த நிமிசத்திலேயே நான் இங்கே இருந்து காண்பது வேறு. கற்பிட்டியில் ஒரு மஞ்சள் குடை வாங்கி, சுற்றிவரச் சிவப்புத் துணியில் கரை வைத்துத் தைத்து அவளிடம் கொடுத்தேன். தவாபு தொடங்கும் இடத்தில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. போகாத நான்தான் போகிறவளுக்கு அதை அடையாளம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, இங்கத்திய மூன்றரைக்கு, அந்தப் பக்கமாக மேல்தட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பேச்சு. ஞாயிறை நானே பார்த்துத்தான் தெரிந்தெடுத்தேன். மகளுக்கும் சொன்னேன். "ஓம் உம்மா" என்றாள்.

அன்றைக்கு லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே இருந்தேன். மேல்தட்டைக் காட்டினார்கள். பச்சை விளக்கு தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஏதோ மஞ்சளாக அசைந்தது போல இருந்தது. எழும்பிக் கிட்டப் போகிறேன், படம் மாறிவிட்டது. சின்னப் பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் மகளிடம் ஓடவில்லை. வானத்தில் நகர்கிற ஒன்றுக்கு அவள் என்ன செய்வாள்? அதைத் திருப்பிக் கொண்டுவா என்று அல்லாஹ்விடம் கை ஏந்திக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன். மக்கா திரும்பி வந்தபோது குடையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கணக்குத்தான் பிழைத்துவிட்டது என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்தக் கிழமையே கச்சான் காற்று உரமாக அடித்து டிஷ்ஷைத் திருப்பிவிட்டது. மகள் வீட்டிலும் படம் இல்லை, என் அறையிலும் இல்லை. சிலாபத்திலிருந்து ஓர் ஆள் வந்து ஏணி வைத்து ஏறினார். மகள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். நான் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு, அது நகர்கிற நேரத்தைப் பார்த்துத் திருப்பும்படி அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் ஆணி முறுக்குவதை நிறுத்தினார்.

"எது உம்மா நகருது?"

சொன்னேன். அவர் சிரித்தார், கேலியாக இல்லை. பூமி சுற்றுகிற அதே வேகத்தில் அதுவும் கூடவே சுற்றுகிறதாம், அதனால் நமக்கு அது எப்போதும் ஒரே இடத்திலேயே நிற்குமாம். "நகந்தா, ஒவ்வொரு கூரையிலயும் டிஷ்ஷத் திருப்பிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணுமே" என்றார். எங்கேயோ தூரத்திலிருந்து மேலே அனுப்புகிறதை அது வாங்கி ஊர் முழுக்கக் கீழே அனுப்புகிறது. ஒரு சனல் அல்ல, எல்லாச் சனலும் ஒரே நேரத்தில் வந்து இந்தத் தாம்பாளத்தில் விழுகின்றன. அதில் எது வேண்டும் என்று எடுப்பது உள்ளே இருக்கிற பெட்டி. பிறகு கூரையிலிருந்து உள்ளே போகும் வயரையும், உள்ளேயிருந்து என் அறைக்கு வரும் வயரையும் விரலால் காட்டினார்.

"பெட்டி ஒண்டுதான், அது மகள்ட முன் ஹோல்ல இரிக்கி. அங்க எதப் போடுறாங்களோ அதுதான் உங்களுக்கும் வரும்."

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் மக்கா எங்கள் கூரைக்கு வந்திருக்கிறது. என் தங்கையின் மஞ்சள் குடை கடல் கடந்து, வானம் ஏறி இறங்கி, நான் கொடுத்த வீட்டின் ஹோல் வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே ஒரு விரல் ரிமோட்டை அமத்தியிருக்கிறது.

நான் மகளிடம் கேட்கவில்லை. அவளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பிள்ளைகளோடு இருந்த இடத்தில் மறந்துபோனேன் உம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

தங்கை ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தாள். மகளின் ஹோலில்தான் இருந்தோம். வந்து இருந்ததும் அவள் கேட்டது அதைத்தான்.

"ராத்தா, கண்டீங்களா? கை உளைய உளையப் பிடிச்சிக்கிட்டு நிண்டன். ஒரு பொலிஸ்காரன் ரெண்டு தரம் வெரட்டினான், அப்பயும் நகரல்ல."

மகள் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "அண்டைக்கு என்ன நடந்த எண்டு நீயே சாச்சிக்குச் சொல்லு, மகள்" என்றேன்.

கோப்பைகளைச் சிந்தாமல் வைத்தாள். "அந்த நேரம் பாத்து செட்டலைட் நகந்திட்டு சாச்சி. உம்மா பாவம், எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தா."

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே ராத்தா சொன்ன, அது பிறை மாதிரி எண்டு. அதுக்கு மனுசர் என்ன செய்யிற?"

நான் சொல்லிக் கொடுத்ததை அவள் எனக்கே ஆறுதலாகச் சொன்னாள். மகளைப் பொய்க்காரி ஆக்கினால் நான் மடைச்சி ஆக வேண்டும். தேத்தண்ணீரைக் குடித்தேன்.

தங்கை போன பிறகு என் அறைக்குப் போய் டீவியின் பின்பக்கத்து வயரைக் கழற்றினேன். மற்றத் தலைப்பு சுவரோடு போகிற இடம் வரைக்கும் இழுத்து, வெட்டி, வளையமாகச் சுற்றி மகளின் குசினிக் கதவில் கொழுவிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

இப்போது அந்த வயர் முருங்கைக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே உடுப்புக் காயப்போடும் கொடியாக நிற்கிறது. நல்ல உரமான வயர், கச்சானுக்கும் அறாது. என் உடுப்பையும் மகள்தான் கழுவி, உதறி அதில் போடுகிறாள். பின்னேரம் மூன்றரைக்கு நான் போய் என்னுடையதை மட்டும் எடுத்து மடிக்கிறேன்.