அழித்த விடை

கணக்கில் நான் புலி என்று வீட்டில் எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு x² + x − 12 என்பதைக் காரணிப்படுத்த வேண்டிய வீட்டுப்பாடம். அவள் பென்சிலில் எழுதியிருந்த விடையை அழிக்க வைத்து, அதன்மேலே பேனாவால் (x − 4)(x + 3) என்று நானே எழுதினேன்.

"அம்மா, அது வராதே."

"நான் படிச்ச கணக்காக்கும். மிண்டாத, சும்மா இரி."

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் 'தவறு' என்றிருந்தது. டீச்சரை நாலு கேள்வி கேட்பதற்காக, அடுத்த நாள் காலையில் நோட்டோடு, பள்ளிக்கூடம் இருக்கும் பாறசாலைக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பெண்ணிடமும் நியாயம் கேட்டேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். "அக்கா, இத திரும்பப் பெருக்கிப் பாத்தியளா?"

அங்கேயே பெருக்கினேன். நடுவில் மைனஸ் x வந்து நின்றது.

"அடியில பென்சில்ல எழுதி அழிச்சிருக்குல்லா, அதாக்கும் சரி."

நோட்டைச் சாய்த்துப் பார்த்தேன். (x + 4)(x − 3). மகளின் குண்டுக் கையெழுத்து. பாறசாலை வரை போகாமல், பாதி வழியில் உதியன்குளங்கரையிலேயே இறங்கி வீடு திரும்பினேன்.

சாயங்காலம் மகளிடம், "நீ எழுதினதுதான் சரி மக்கா" என்றேன்.

"எனக்கு அப்பமே தெரியும்."

"பின்ன எதுக்கு அழிச்ச?"

"கணக்கு தப்பினா டீச்சர் திருத்துவாங்க. அம்மா கோவிச்சா ஆரு திருத்துவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். இப்போதும் அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருகிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.