முதல் படத்தை வைத்த கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையில் அக்காவின் படத்தைப் பார்த்து உறவினர் சிலர் முகம் சுளித்திருக்கலாம். அச்சுக்குப் போகுமுன்பே சித்தப்பா கேட்டுவிட்டார்: "மாப்புள போயி எத்தன வருசமாச்சு. இந்தப் படத்துல எதுக்குடா அவ்வளோ பெரிய பொட்டு? ஸ்டுடியோவுல குடுத்து அழிச்சிரலாம்ல?"

சித்தப்பா மன்னிக்க வேண்டும். பொட்டு அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா நெடுங்காட்டில், வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் அடுப்பில் உலை ஏறும் என்றிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். ஏழு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். குடும்பம் பட்ட கஷ்டங்களை வரிசைப்படி எழுதுவதானால் இதை முதலில் குறிப்பிட வேண்டும். பத்தொன்பது வயதில் அக்காவுக்குக் கல்யாணம். இருபத்து மூன்றில், வயலுக்குப் போன அத்தான் பாம்பு கடித்து இறந்துபோனார். காரியம் முடிந்த அடுத்த வாரம் அக்கா பொட்டு வைத்துக்கொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறினார். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை கிடைத்தது. நெகட்டிவில் பென்சிலால் முகத்தின் குறைகளை மறைப்பது. எழுபதுகளில் காரைக்கால் மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்புகள் பலவும் மறைந்தது அக்காவின் பென்சிலால்தான்.

வீடியோ வந்ததும் அக்கா பழைய வீடியோ கேமரா ஒன்றும், கேசட்டில் பதியும் டெக் ஒன்றும் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகத் தொழில் தொடங்கினார். வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களை மக்கள் கொண்டுவந்து தருவார்கள். கறுப்பு வெல்வெட் துணி போர்த்திய பலகையில் ஒவ்வொரு படமாக வைத்து, கேமராவை மெல்ல நகர்த்திப் பதிவு செய்து, பாட்டுச் சேர்த்து, ஒரு கேசட்டாகக் கொடுப்பார். கல்யாண வரவேற்பில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். பதிவை நிறுத்திவைக்கும் நேரத்தில் அடுத்த படத்தை மாற்றி வைப்பது என் வேலை. நிறுத்தினோமா என்று பார்க்காமல் கையை நீட்டிவிடுவேன். ஆகையால் இந்த வட்டாரத்தின் பல கேசட்களில் என் கட்டைவிரல் நடித்திருக்கிறது.

பிரான்ஸுக்கு அனுப்பிய கேசட் அங்குள்ள டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டார். நான் பதறினேன். "அவரு குடுத்த போட்டோவே கறுப்பு வெள்ளதானடா. எழுதிப் போடு" என்றார் அக்கா.

ஆனால் கல்யாண கேசட்டில் ஒரு சிக்கல். "முதல் படத்த மட்டும் நீங்க வைக்காதீங்கம்மா, சுமங்கலி கையா இருக்கட்டும்" என்பார்கள். சிலர் அதற்கென்றே ஒரு சுமங்கலியை ஆட்டோவில் ஏற்றி வருவார்கள். யாரும் வராத நாளில் நான் வைப்பது என்று ஏற்பாடு. கண்டுபிடித்தவன் நான்தான், பெருமை வேறு. ஆம்பளைக் கைக்குத் தோஷமில்லை. முந்தின நிமிஷம் அது எங்கே சொறிந்திருந்தாலும் தோஷமில்லை. அக்கா ஒதுங்கி நிற்பார்.

ஒரு நாள் திருநள்ளாற்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரை இழந்து, கோயில் வாசலில் எள் தீபம் விற்றே மகளை வளர்த்தவர். மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் பையில் பதினோரு படங்கள். மறுநாளே மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார்.

"பொண்ணோட அம்மா ஒரு படத்துலயும் வரப்படாது. நல்ல காரியம் பாருங்க."

"அப்ப பொண்ணு எப்படி வந்துச்சுங்க, பார்சல்லயா?" என்றார் அக்கா.

"ஏம்மா, வழக்கத்த நானா உண்டாக்குனேன்? வெட்டலேன்னா இந்தப் பக்கத்துல ஒரு கல்யாண வீடும் உன்ட்ட வராது. நான் சொன்னா கேப்பாங்க."

கேட்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அவர் படியிறங்கியதும் நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"என்னடா பண்ணப் போற?"

"ஓரமா வெட்டிட்டா ஒண்ணும் தெரியாதுக்கா."

"வெட்டு. புள்ள அந்தரத்துல நிக்குதான்னு பாப்போம்."

படத்தில் அந்த அம்மா ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். முகத்தை வெட்டலாம், தோளை வெட்டலாம். குழந்தையை வளைத்துப் பிடித்திருந்த கையை எப்படி எடுப்பது? கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன்.

அக்கா கை கழுவினார். கண்ணாடி பார்த்துப் பொட்டைப் புதிதாக வைத்துக்கொண்டார். "தள்ளு" என்றார். அந்தப் படத்தையே முதல் படமாகத் தன் கையால் பலகையில் வைத்தார். நான் வழக்கம்போல அவசரப்பட்டுப் பொத்தானை முன்பே அழுத்திவிட்டேன். வளையல் இல்லாத அந்தக் கை படத்தை வைத்து, நேராக்கி, விலகுவது முழுதும் பதிவாகிவிட்டது.

"அழிச்சிட்டுத் திரும்ப எடுப்போம்க்கா."

"இருக்கட்டும். எந்தக் கைன்னு தெரியட்டும்."

வரவேற்பன்று நான் மண்டபத்தில் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டேன். ஓடுவதற்கு அதுவே வசதி. டிவியில் முதலில் கை வந்தது, பிறகு தாயும் பிள்ளையும். பெரியப்பா எழுந்து "நிறுத்துறா அத" என்றார்.

மேடையிலிருந்து மணப்பெண் சொன்னாள்: "உக்காருங்க பெரியப்பா. எங்கம்மாவ நான் இன்னும் பாத்து முடிக்கல." பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "யம்மா, அங்க என்ன பண்ற? இங்க வா" என்றாள்.

அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பெரியப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களில் எங்களுக்கு ஒரு கல்யாணமும் வரவில்லை. ரசமும் துவையலுமாக ஓடியது. நான் புலம்பினேன், அக்கா புலம்பவில்லை. தை பிறந்ததும் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் படங்கள் கொண்டுவந்தார். முதல் படத்தை யார் வைப்பது என்று அவர் கேட்கவில்லை. அக்கா வைத்தார். அன்றோடு என் மங்கலக் கைக்கு வேலை போயிற்று.

கடைசி ஆறு மாதம் வயிற்றில் வந்த நோயால் அக்கா படுத்தே இருந்தார். தலையணைக்கடியில் அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன. அவருடைய படம் என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான், நான் எடுத்தது. "லென்ஸ் மூடியக் கழட்டுனியாடா?" என்று அவர் கேட்ட நொடியில் எடுத்ததால் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், தினம் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்துக் கடைக்காரருக்கும், பொட்டுக்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே எல்லாக் காரியத்துக்கும் அலைந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் உண்டு. அச்சகத்தில் அட்டைக்குப் படம் ஒட்டும் நாளில் திருநள்ளாற்று அம்மாவை அழைத்துப் போனேன். "நானா தம்பி வைக்கிறது?" என்று தயங்கினார். "நீங்கதாம்மா வைக்கணும்" என்றேன். பசை தொட்டு, இரண்டு கையாலும் ஒட்டினார். படம் சற்றே சாய்ந்திருக்கிறது, கவனித்திருப்பீர்கள். நேராக்கட்டுமா என்று அச்சகத்தார் கேட்டார்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.